நானூற்றைம்பது வாட் போதும்

வடக்கே நீலாண்டு என்ற சிற்றூரில் ஆற்றைப் பார்த்து நிற்கும் மஞ்சள் வீட்டில் ரூனே எட்லுண்டும் அவருடைய அக்கா சீவும் முப்பத்தெட்டு வருஷம் சேர்ந்து குடியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வேண்டாம் என்று யாரும் சபதம் எடுக்கவில்லை. தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. சீவுக்கு நகராட்சிப் பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. ரூனேக்கு ஆற்றின் மேல்பக்கம் அணையில் இருந்த மின் நிலையத்தில் வேலை. மூன்று டர்பைன், நூற்றுப்பத்து மெகாவாட், ஒரு நாற்காலி, ஒரு காபிக் குடுவை, ஷிப்டுக்கு ஒரே ஆள். அவருக்கு அது நன்றாக ஒத்துப்போனது. எட்டு மணி நேரம் யாரிடமும் பேசாமல் இருக்கலாம். முடிந்ததும் வீட்டுக்கு வந்தால் பேசாமல் இருப்பதற்கு சீவ் இருந்தாள்.

அவர்களுக்குள் சண்டை வந்ததில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சண்டை வளர்ந்ததில்லை, ஏனென்றால் ரூனே எழுந்து போய்விடுவார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மனசுக்கு ஒவ்வாத ஒரு வார்த்தை விழுந்தால் பதில் சொல்லமாட்டார், முகம்கூட மாறாது. நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம் கேட்கும், அப்புறம் கதவுச் சத்தம். ஒரு மணி நேரம் கழித்து விறகுக் கொட்டகையிலிருந்து திரும்பி வந்து பாத்திரம் கழுவுவார். சீவும் அதைப் பற்றிக் கேட்கமாட்டாள்.

ரூனேக்கு அறுபது ஆனபோது மின் நிலையத்தை எங்கோ தூரத்து நகரத்திலிருந்து திரையைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்தார்கள். நாற்காலிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவர் ஓய்வு வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் ஒரு வார நடன முகாமுக்குப் போன சீவ் அங்கே பெர்ட்டில் என்பவரைச் சந்தித்தாள். தெற்குக் கோடியில் இஸ்டாட் ஊர்க்காரர், ஓய்வுபெற்ற கார் ஓட்டுநர் பள்ளி ஆசிரியர், மனைவியை இழந்தவர். பிப்ரவரியில் ஒருநாள் காலைக் காபியின்போது சீவ் சொன்னாள்: “மே மாசம் நான் போறேன்டா ரூனே. அவரோட இருக்கப் போறேன்.”

ரூனே “சரி” என்றார். எழுந்து போய் விறகு பிளந்தார். மூன்று குளிர்காலத்துக்குப் போதுமான விறகு அந்த ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டது.

பெர்ட்டில் சீவை அழைத்துப்போக வந்தபோது சாப்பாட்டு மேஜையில், இந்த வீட்டில் வயதான குழந்தைகள் இரண்டு பேர் பெற்றோர் வருவார்கள் என்று காத்திருந்த மாதிரி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ரூனே உருளைக்கிழங்கைத் தட்டில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். இஸ்டாட்டில் நடந்த கல்யாணத்திலும் அதேதான். மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் எழுந்தார், வெளியே வந்தார், ரயில் நிலையத்துக்கு நடந்தார், பன்னிரண்டு மணி நேரம் பயணம் செய்து வீட்டுக்கு வந்துவிட்டார். சீவ் தொலைபேசியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

தனியாக இருப்பது தனக்குத் தெரிந்த வேலை என்றே ரூனே நினைத்திருந்தார். முப்பது வருஷம் அதற்குத்தானே சம்பளம் வாங்கினார். ஆனால் ஷிப்டு முடியும் என்று தெரிந்து தனியாக இருப்பது வேறு, முடியாத ஷிப்டு வேறு. வியாழக்கிழமை வழக்கப்படி பட்டாணி சூப் வைப்பார். பொட்டலம் இரண்டு பேருக்கு என்ற கணக்கிலேயே வரும், செவ்வாய்க்கிழமை வரைக்கும் அதையே சாப்பிடுவார். ஒரு சனிக்கிழமை மளிகைக் கடையில் பணம் கட்டும் இடத்தில் “நன்றி” என்றபோது குரல் கரகரத்து உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு யோசித்துப் பார்த்தார். முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் வாயைத் திறப்பது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு சீவ் கூப்பிடுவாள். எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள். ஆரம்பத்தில் அரைமணி நேரம் பேசினார்கள், அப்புறம் அது பத்து நிமிஷமாகச் சுருங்கிற்று. இரண்டு பேருக்கும் பேசிப் பழக்கமில்லை. சேர்ந்து சும்மா இருந்துதான் பழக்கம், அதைத் தொலைபேசியில் செய்ய முடியவில்லை.

செப்டம்பரில் சீவ் ஒரு யோசனை சொன்னாள். பெர்ட்டில் நாலு வருஷமாகக் கணினியில் விமானம் ஓட்டுகிறார், நிஜ பூமியையே அப்படியே உள்ளே வைத்திருக்கிறார்கள், இப்போது அவளும் கற்றுக்கொண்டிருக்கிறாள். “நீயும் வாயேன். ஞாயித்துக்கிழமை மூணு பேரும் சேர்ந்து பறக்கலாம். பேசணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. பக்கத்துல பறந்துட்டு வந்தா போதும்.”

அந்தக் கடைசி வரிதான் ரூனேயை அசைத்தது.

அவருடைய பழைய மடிக்கணினி அதற்கு லாயக்கில்லை. கடையில் கட்டித் தரும் கணினியை வாங்குவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியை அவர் வாழ்க்கையில் வீட்டுக்குள் விட்டதில்லை. பாகம் பாகமாக வாங்கித் தானே கட்டுவது என்று தீர்மானித்தார். மூன்று வாரம் படித்தார். பிராசசர், மதர்போர்டு, நினைவகம், திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு எல்லாம் தபாலில் வந்து சேர்ந்தன. மிச்சம் இருந்தது எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பவர் சப்ளை. அதைக் கடைசிக்கு வைத்திருந்தார், அது தன்னுடைய துறை என்பதால்.

இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் மேல் அவருக்கு மதிப்பே வரவில்லை. எழுநூற்றைம்பது வாட் வாங்கு என்கிறான் ஒருவன், ஆயிரம் வாங்கி வைத்தால் நிம்மதி என்கிறான் இன்னொருவன். எதைக் கூட்டினார்கள், எப்படிக் கூட்டினார்கள் என்று ஒருத்தனும் சொல்லவில்லை. ரூனே கட்டம் போட்ட நோட்டில் எழுதினார். கிராபிக்ஸ் கார்டு இருநூறு, பிராசசர் நூற்றைந்து, விசிறி, வன்தட்டு, மற்றது எல்லாம் நாற்பத்தைந்து. மொத்தம் முந்நூற்றைம்பது. அதற்கு மேல் நூறு வாட் இடம் விட்டால் நானூற்றைம்பது. தாராளம்.

சரிபார்ப்பதற்காக இணையத்தில் இருந்த ஒரு கணிப்பானையும் திறந்தார். பாகங்களின் பெயரைக் கேட்டது, கொடுத்தார். பிறகு, ஒரு நாளைக்குக் கணினி எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் என்றால் நாளுக்கு அரைமணி நேரம்கூட வரவில்லை. பின்னத்தை அந்தக் கட்டம் ஏற்கவில்லை. ஒன்று என்று போட்டார். வருங்காலத்தில் ஏதாவது சேர்க்கப் போகிறீர்களா என்று கேட்டது. ரூனே கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு ஜன்னல் வழியாக ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ‘இல்லை’யை அழுத்தினார்.

பவர் சப்ளை வாங்க மட்டும் சுண்ட்ஸ்வால் நகரத்துக்கு நேரில் போனார். கடையில் இருந்தவர் லோவிசா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த நாற்பது வயதுப் பெண்மணி, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். ரூனே பாகங்களின் பட்டியலைக் காட்டினார். லோவிசா படித்துவிட்டு, இந்தக் கார்டுக்கு அறுநூற்றைம்பது எடுப்பது நல்லது என்றார்.

“கூட்டிப் பார்த்தீங்களா?” என்றார் ரூனே.

“கூட்டினா முந்நூத்தம்பதுதான் வரும். ஆனா இந்தக் கார்டு ஒரே சீரா இழுக்காது. குதிக்கும்.”

“நான் முப்பது வருஷம் நூத்திப்பத்து மெகாவாட்டைப் பார்த்துக்கிட்டவன்மா.”

லோவிசா அவரை ஒரு கணம் பார்த்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார். “அப்ப உங்களுக்குச் சொல்ல எனக்கு என்ன இருக்கு. ரசீதைப் பத்திரமா வெச்சுக்குங்க, ரெண்டு மாசத்துக்குள்ள மாத்தித் தரலாம்.” நானூற்றைம்பது வாட் பெட்டியை எடுத்து வந்து வைத்தார். விலை வித்தியாசம் ரூனேக்கு ஒரு பொருட்டே இல்லை. தேவைக்கு மேல் ஒன்றை வாங்கி வைப்பது என்பது அவரால் முடியாத காரியம்.

சமையலறை மேஜையில் இரண்டு நாள் உட்கார்ந்து கட்டினார். பொத்தானை அழுத்தியதும் முதல் தடவையே உயிர் வந்தது. சுவரில் செருகும் மின்மானி ஒன்றைப் பொருத்தி, எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தார். எவ்வளவு வேலை கொடுத்தாலும் முந்நூற்று நாற்பதைத் தாண்டவில்லை. நோட்டில் அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். அன்றைக்கு அவர் நெடுநாளைக்குப் பிறகு விசில் அடித்துக்கொண்டே பாத்திரம் கழுவினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இஸ்டாட்டுக்கு மேலே மூன்று சின்ன விமானங்கள் ஏறின. காதில் மாட்டிய ஹெட்போனில் சீவின் குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் வந்தது. பெர்ட்டில் தன் ஊரைக் கட்டிடம் கட்டிடமாக, மரம் மரமாக யாரோ செய்து வைத்திருந்த கணினிக் கோப்பு ஒன்றை எல்லாருக்கும் அனுப்பி, போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். துறைமுகம், தேவாலயக் கோபுரம், கடற்கரையில் வரிசையாகக் குளியல் குடில்கள் எல்லாம் துல்லியமாக இருந்தன. பெர்ட்டில் வாயை மூடவில்லை. வலதுபக்கம் பாருங்க மச்சான், உயரத்தைப் பாருங்க மச்சான், திரும்பறதுக்கு முன்னாடி பார்த்துட்டுத் திரும்புங்க மச்சான். ரூனேக்கு இந்த ‘மச்சான்’ ஒவ்வொரு தடவையும் செருப்புக்குள் கல்போல் உறுத்தியது. ஆனால் இடதுபக்கம் சற்று முன்னால் சீவின் வெள்ளை விமானம் இறக்கையை ஆட்டிக்கொண்டு போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்.

நாற்பதாவது நிமிஷம் திரை கறுத்தது. எச்சரிக்கை இல்லை, சத்தம் இல்லை. விசிறிகள்கூட நின்றுவிட்டன. மறுபடி போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து வந்தது. அதற்குள் அவர்கள் இறங்கிவிட்டிருந்தார்கள். மின்சாரம் போயிருக்கும் என்று ரூனே நினைத்தார், ஆனால் சமையலறை மின்கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர் இறங்கும்போது வேகத்தைக் குறைக்கும் இறக்கைத் தகடுகளை இறக்க மறந்தார். பெர்ட்டில் சிரித்தார். “நாப்பது வருஷம் ஒரே வீட்டுக்குள்ள இருந்தா இப்படித்தான் மச்சான். கை கால் எல்லாம் இறுகிப் போயிடும்.”

அந்த நொடியில் கணினி அணைந்தது.

கறுத்த திரையில் தன் முகத்தைப் பார்த்தபடி ரூனே உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொன்னால், ஒரு நிம்மதிதான் வந்தது. தான் செய்ய நினைத்ததை யாரோ தனக்காகச் செய்து கொடுத்ததுபோல் இருந்தது. தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. சற்று நேரத்தில் சீவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: ‘இங்கயும் எழுந்து போயிட்டியா?’

அது நான் இல்லை, கணினி என்று எழுதிவிட்டிருக்கலாம். எழுத விரல் வைத்தார். அப்படி எழுதினால் ஏன் அணைந்தது என்று பெர்ட்டில் கேட்பார். எத்தனை வாட் போட்டீங்க மச்சான் என்பார். கணக்கில் தப்பு செய்தவன் என்பதைவிடக் கோபித்துக்கொண்டு போனவன் என்ற பெயர் அவருக்குச் சுமக்க எளிதாக இருந்தது. அதுதான் பழகின பெயர் ஆயிற்றே. பதில் அனுப்பவில்லை.

வார நாட்களில் அவர் தனியாகப் பறந்தார். முதலில் பயிற்சிக்காக என்று சொல்லிக்கொண்டார். நவம்பரில் மழையும் பனியும் கலந்து கொட்டிற்று, வெளியே வேலை எதுவும் இல்லை. காலைக் காபி முடிந்ததும் உட்காருவார். நீலாண்டுக்கு மேலே ஏறி, ஆற்றின் வழியே மேற்கே மலை வரைக்கும் போவார், திரும்பி வருவார். கீழே காடு, பனி, மறுபடி காடு. ஒரு வீடு தெரிந்தால் அதிகம். ஆறு மணி நேரம் பறந்தாலும் கணினி ஒரு தடவைகூட அணையவில்லை. அதனால்தான் அவருக்குக் குழப்பம். பழுது என்றால் எல்லா நாளும் இருக்க வேண்டும். இது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற பழுது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பெர்ட்டில் வரவில்லை. ஏதோ வேலையாக வெளியே போயிருக்கிறார் என்றாள் சீவ். அவரை அவளே அனுப்பி வைத்திருக்கிறாள் என்று ரூனேக்குப் புரிந்தது. இரண்டு விமானமும் அருகருகே கடலோரமாகப் போயின. கால்மணி நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. வீட்டில் இருந்ததுபோலவே இருந்தது. அவள் கப்பைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

பிறகு சீவ் ஊரை நோக்கித் திருப்பினாள். தாழ்வாக வரச் சொன்னாள். “அதோ சிவப்பு ஓட்டு வீடு, தெரியுதா? அதுதான் எங்க வீடு. மேல ரெண்டாவது ஜன்னல் பாரு. அந்த அறை காலியாத்தான் வெச்சிருக்கேன். கோடையில நீ—”

திரை கறுத்தது.

ரூனே நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். பொத்தானை அழுத்தினார், அது நிதானமாக எழுந்து வரும்வரை நின்றுகொண்டே இருந்தார். உள்ளே போய்ப் பார்த்தபோது பறப்பவர்கள் பட்டியலில் சீவின் பெயர் இல்லை. இந்தத் தடவை தொலைபேசி அடிக்கவில்லை. செய்தியும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேஜையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. வெளியே இருட்டிவிட்டிருந்தது, அந்த மாதத்தில் அப்படித்தான். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் எழுந்து போன ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தபோது அவள் இருந்தாள். இப்போது திரும்பிப் போவதற்குக் கதவே இல்லை.

புதன்கிழமை காலை, வேலையில் இருந்த காலத்தில் செய்ததையே செய்தார். பழுதை ஊகிப்பதை விட்டுவிட்டு, அதைத் தானே வரவழைத்துப் பார்ப்பது. ஆற்றுக்கு மேலே போகாமல் இஸ்டாட்டில் ஏறினார், தனியாக. துறைமுகத்தைச் சுற்றினார். சுவர் மின்மானியில் கண் வைத்திருந்தார். முந்நூற்றுப் பத்து. முந்நூற்று இருபது. சிவப்பு ஓட்டு வீட்டை நோக்கித் தாழ்ந்து, விமானத்தைச் சட்டென்று திருப்பினார். கூரைகள், மரங்கள், ஜன்னல்கள் எல்லாம் ஒரே வீச்சில் திரைக்குள் புகுந்தன. மின்மானி முந்நூற்று முப்பதைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கணினி அணைந்தது.

முந்நூற்று முப்பதில் நானூற்றைம்பது ஏன் விழ வேண்டும்? மின்மானியை வெறித்துப் பார்த்தார். அது நொடிக்கு ஒரு தடவை எண்ணை மாற்றுகிற சாதாரண மானி. ஒரு நொடிக்குள் நடப்பது அதற்குத் தெரியாது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அணைக்குக் கீழே மர அறுவை ஆலை ஒன்று இருந்தது. காலை ஆறு மணிக்கு அங்கே பெரிய மோட்டாரைக் கிளப்பும்போது ஒரு கணம் வழக்கத்தைப்போல் ஆறு மடங்கு இழுக்கும், நிலையத்தில் முள் துள்ளும். அந்தத் துள்ளலுக்குத்தான் அவர்கள் இடம் விட்டு வைப்பார்கள், சராசரிக்கு இல்லை. முப்பது வருஷம் ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்திருக்கிறார். ‘குதிக்கும்’ என்று லோவிசா சொன்னது அதுதான். காட்டுக்கு மேலே பறக்கும்போது கார்டுக்கு வேலையே இல்லை. வீடும் ஆட்களும் இருக்கிற இடத்துக்குப் போனால்தான் அது துள்ளியது, நானூற்றைம்பது தாங்காமல் பாதுகாப்புக்காகத் தன்னை அணைத்துக்கொண்டது.

நோட்டை எடுத்தார். இரண்டு கோடு போட்ட எண்ணை அடித்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவராகவே அக்காவைக் கூப்பிட்டார்.

நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள். “என்னடா, உடம்புக்கு ஏதாவது?” என்றாள். புதன்கிழமை அவர் கூப்பிடுகிறார் என்றால் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. பவர் சப்ளை.”

“என்னது?”

“கம்மியாப் போட்டுட்டேன். நானூத்தம்பது. அறுநூத்தம்பது போட்டிருக்கணும். கடையில அந்தம்மா சொன்னாங்க, நான் கேக்கல.” மூச்சு வாங்கினார். “உங்க ஊருக்கு மேல வந்தா தாங்கல, அணைஞ்சு போயிடுது. மூணு தடவையும் அதுதான். நான் எழுந்து போகல சீவ்.”

மறுமுனையில் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“அந்த ரெண்டாவது தடவை?” என்றாள் பிறகு. “பெர்ட்டில் அப்படிச் சொன்னாரே?”

“அப்ப போகணும்னுதான் இருந்துச்சு. ஆனா போனது கணினி.”

சீவ் சிரித்தாள் என்றுதான் ரூனே முதலில் நினைத்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்ட பிறகுதான் அது அழுகை என்று தெரிந்தது. “அறையைப் பத்திச் சொன்னதும் போயிட்டியேன்னு...” என்று ஆரம்பித்து அதை முடிக்கவில்லை. பிறகு வேறு குரலில், அவளுடைய மருத்துவமனைக் குரலில் சொன்னாள்: “பட்டியல்ல உன் பேருக்கு நேரா பறந்த நேரம் போட்டிருக்கு. நூத்தி இருபது மணி நேரம். பெர்ட்டில் நாலு வருஷத்துல முந்நூறுதான் பறந்திருக்காரு. நீ ஒரே மாசத்துல நூத்தி இருபது.”

ரூனே நோட்டை மூடினார்.

“எங்கடா போனே இத்தனை நேரம்?”

“ஆத்து மேல. போயிட்டு வந்தேன்.”

“தனியாவா?”

“மழை பேஞ்சுச்சு” என்றார் ரூனே.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் தொலைபேசியையும் வைக்கவில்லை. பத்து நிமிஷம் போல இருவரும் அப்படியே இருந்தார்கள். அவள் பக்கத்தில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, ஏதோ வதக்கிக்கொண்டிருந்தாள். இவர் பக்கத்தில் ஜன்னலில் பனிமழை அடித்தது, அது அவளுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் ரசீதோடு சுண்ட்ஸ்வாலுக்குப் போனார். லோவிசா பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார், எதையும் சொல்லிக் காட்டவில்லை. ரூனேதான் சொன்னார், அறுவை ஆலை மோட்டார் கதையை முழுசாக, கையை ஆட்டிக்கொண்டு. பின்னால் இரண்டு பேர் வரிசையில் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. கடைசியில் லோவிசா, “அப்ப அறுநூத்தம்பதா, எழுநூத்தம்பதா?” என்று கேட்டார். அறுநூற்றைம்பது போதும் என்றார் ரூனே.

டிசம்பர் முதல் ஞாயிறு மூன்று விமானமும் இரண்டரை மணி நேரம் பறந்தன. அணையவில்லை. பெர்ட்டில் தன்னிடம் அந்தப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்பார் என்று ரூனே பயந்துகொண்டிருந்தார், நல்லவேளை கேட்கவில்லை. காற்று பக்கவாட்டில் அடிக்கிறது மச்சான் என்றார், அவ்வளவுதான். இறங்கினதும் அவர்கள் போய்வருகிறோம் என்றார்கள். பட்டியலில் முதலில் பெர்ட்டிலின் பெயரும் பிறகு சீவின் பெயரும் மறைந்தன. ரூனே ஓடுபாதையில் இயந்திரத்தை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் நின்றார். வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது. அவ்வளவு நேரம் அக்கா காதுக்குள் இருந்துவிட்டுப் போனதால் அப்படி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பிப்ரவரிக்கு அப்புறம் சேர்ந்து பறப்பது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆயிற்று. சீவ் பாட்டுக் குழுவில் சேர்ந்தாள், பெர்ட்டிலுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை வந்தது. ஜூலையில் ரூனே பத்து நாள் என்று சொல்லி இஸ்டாட் போனார். மாடி அறையில் படுத்தார். புது உருளைக்கிழங்கும் மீனும் சாப்பிட்டார். பெர்ட்டிலின் தம்பி வீட்டார், பக்கத்து வீட்டார் என்று எப்போதும் மேஜையைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். நாலு நாள் தாங்கினார். ஐந்தாம் நாள் காலை எல்லாரும் இருக்கும்போது, “எனக்கு இவ்வளவுதான் முடியும். இன்னிக்குக் கிளம்புறேன்” என்று வாயைத் திறந்து சொன்னார். சீவ் ரொட்டி கட்டிக் கொடுத்து ரயில் நிலையம் வரைக்கும் வந்தாள். ரயில் கிளம்பும் நேரம்வரை இருவரும் பெட்டி எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு ரூனே காரட் சீவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சீவ் இல்லை. பெர்ட்டில். தனியாக அவர் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. சீவ் கடைக்குப் போயிருக்கிறாள் என்றார். தொண்டையைச் செருமினார். தன்னுடைய கணினி பழசாகிவிட்டது என்றும், புதிதாக ஒன்று கட்டலாம் என்று நினைப்பதாகவும், தனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார். ஒன்றும் தெரியாது என்று பெர்ட்டில் எதைப் பற்றியும் சொல்லி ரூனே கேட்டதில்லை.

“எந்தக் கார்டு வாங்கப் போறீங்க?” என்று கேட்டார் ரூனே.

பெர்ட்டில் பெயரைப் படித்தார். ரூனே கையைத் துடைத்துக்கொண்டு நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டார். இப்போதெல்லாம் அதிகம் பறப்பதில்லை என்று பெர்ட்டில் ஒத்துக்கொண்டார். அறுவைக்குப் பிறகும் கண்ணுக்கு முன்னால் ஒரு மூட்டம் இருக்கிறது, சீவிடம் இன்னும் சொல்லவில்லை, பெரிய திரையாக வாங்கினால் சமாளிக்கலாம் என்று பார்க்கிறேன் என்றார். ரூனே அதையும் எழுதிக்கொண்டார். சீவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்றார் பெர்ட்டில். பிறகு கம்பிகளைப் பற்றிப் பேசினார்கள், விசிறி எந்தப் பக்கம் ஊத வேண்டும் என்று பேசினார்கள். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

தொலைபேசியை வைத்த பிறகு ரூனே காரட்டை எடுத்துக் கழுவினார். குரல் கரகரப்பாக இருந்தது, இந்தத் தடவை பேசிப் பேசி. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நோட்டைத் திரும்பப் பார்த்தார். பெர்ட்டிலின் பாகங்களை ஒழுங்காக வரிசைப்படுத்தி எழுத ஒரு நாள் ஆகும், கூட்டிச் சரிபார்க்க இன்னொரு நாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம்.